எர்த் பிடிக்கும் இடம்

ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையில் ஊர்ந்து வரும் பழைய மோட்டார்சைக்கிள் ஒன்று குறுக்குத் தெருவுக்குள் நுழைவதற்காக ஹேண்டிலை முழுக்க ஒடிக்கிறது. இஞ்சின் பொட்டென்று நின்றுவிடுகிறது. ஹேண்டிலை நேராக்கி உதைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த நோய்தான் இது. ஆனால் காரணம் வண்டிக்கு வண்டி நேர் எதிராக மாறும். மேக்னெட்டோ பொருத்திய வண்டி என்றால், இஞ்சினை நிறுத்துவதற்கு ஹேண்டிலில் வைத்திருக்கும் பொத்தானுக்குப் போகிற ஒயர் ஹேண்டில் கழுத்தில் உரசி உரசித் தோலுரிந்து, திருப்பும்போது ஃபிரேமைத் தொடுகிறது. தொட்டதும் பொறி செத்துவிடுகிறது. மின்கலமும் காயிலும் கொண்ட வண்டி என்றால், முகப்பு விளக்குக் கூட்டில் இருக்கும் சாவியிலிருந்து காயிலுக்கு வரும் ஒயர் அதே கழுத்தில் மடங்கி மடங்கி, உள்ளே செம்பு இழைகள் அறுந்து, திருப்பும்போது விலகுகிறது. விலகியதும் பொறி செத்துவிடுகிறது. ஒன்றில் தொடக்கூடாதது தொட்டது. மற்றதில் தொட வேண்டியது விட்டது. வெளியே தெரிகிற அறிகுறி இரண்டிலும் ஒன்றுதான். இரண்டிலும் காயில், மேக்னெட்டோ, பிளக் எதற்கும் ஒரு குறையும் இல்லை.

பழைய மோட்டார்சைக்கிளின் மின்பழுதைப் பற்றி நான் சொல்ல வருவதும் இதைத்தான். பழுது பெரும்பாலும் பாகங்களுக்குள் கிடப்பதில்லை. அவை சேர வேண்டிய இடங்களிலும் பிரிந்திருக்க வேண்டிய இடங்களிலும் கிடக்கிறது. ஆகவே ஒன்றைக் கழற்றி எறிந்து புதியதை மாட்டுவதைப் பழுதுபார்ப்பு என்று நாம் அழைப்பது தவறு. பழுது எங்கே என்று காட்டி நிரூபிப்பதுதான் பழுதுபார்ப்பு, மற்றது செலவு. சிங்கப்பூரில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாகனத்துக்கு இங்கே வயதுதான் அடையாளம். வாகன உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை காலாவதியாகிறது. மோட்டார்சைக்கிளுக்கான அதன் விலை 2022இல் 10,000 வெள்ளியைத் தாண்டியது. 35 ஆண்டுகள் நிரம்பினால் அதே வண்டி 'கிளாசிக்' ஆகிறது. பொருளை வயதால் அளந்து பழகிய கண்ணுக்கு, நின்றுபோன வண்டியின் பழுதும் முதுமையாகவே தெரியும். முதுமைக்கு மருந்து புதிய பாகம் என்ற முடிவுக்கு அது தயங்காமல் வந்துவிடும்.

பொறி எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்தால் இந்த முடிவு எவ்வளவு அவசரமானது என்று புரியும். பாஷ் நிறுவனத்தின் கோட்லோப் ஹோனோல்ட் உயரழுத்த மேக்னெட்டோவை உருவாக்கியது 1902இல். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்கலப் பற்றவைப்பை காடிலாக் கார்கள் 1910இல் ஏற்றன. அடுத்த அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு உலகின் மோட்டார்சைக்கிள்கள் பெரும்பாலும் இந்த இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தவைதான். இரண்டிலும் அடிப்படை ஒன்றே. ஒரு சுருளில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். சரியான கணத்தில் அதை வெட்டிவிட வேண்டும். வெட்டிய அதிர்ச்சியில் பக்கத்துச் சுருளில் பல்லாயிரம் வோல்ட் எழும்பி, பிளக்கின் இடைவெளியைத் தாண்டும். வெட்டுகிற வேலையைச் செய்வது பாய்ண்ட். இரண்டு சிறு உலோகப் பொட்டுகள், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் திறந்து மூடும். திறக்கும் நொடியில் அந்த இடைவெளியில் மின்சாரம் தீயாகப் பாய்ந்துவிடாமல் தாங்கிக்கொள்வது கண்டென்சர். ஆக இந்த இயந்திரத்தின் உயிர்நாடியே ஒரு தொடுகை. அது பிடிப்பதும் விடுவதும்தான் பொறி. தொடுகையை நம்பிப் பிழைக்கும் ஒன்று, வேறு இருபது முப்பது தொடுகைகள் கெட்டுக் கிடக்கும்போது நன்றாக ஓட முடியாது. சாவி, ஃபியூஸ், அம்மீட்டர், ஒயர் முனைகளைக் கோக்கும் குழாய்கள், கடைசியில் எர்த் போல்ட் என்று அந்தத் தொடுகைகள் வண்டி முழுக்க இருக்கின்றன.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 12 வோல்ட் வண்டியின் காயிலில் முதற்சுருளின் தடை 3 ஓம் என்று கொள்வோம். பாய்ண்ட் மூடியிருக்கும்போது 4 ஆம்பியர் ஓடும். வழியில் எங்கோ ஒரு இணைப்பு களிம்பு பிடித்து 1 ஓம் தடை சேர்ந்தால் மின்சாரம் 3 ஆம்பியராகக் குறையும். கால்பங்குதானே என்று தோன்றும். ஆனால் சுருளில் சேரும் ஆற்றல் மின்சாரத்தின் இருமடியைப் பொறுத்தது. 16 பங்காக இருந்தது 9 பங்காகிவிடும். ஒற்றை இணைப்பு பொறியின் ஆற்றலில் 44 விழுக்காட்டைத் தின்றுவிட்டது. 6 வோல்ட் வண்டியில் இது இன்னும் கொடுமை. அங்கே காயிலின் தடையே ஒன்றரை ஓம்தான். அதே 1 ஓம் சேர்ந்தால் 4 ஆம்பியர் 2.4 ஆகும், ஆற்றலில் 64 விழுக்காடு போய்விடும். '6 வோல்ட் வண்டிக்கு வலு போதாது' என்று பரவலாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டில் பெரும்பகுதி இந்த ஒரு ஓமைத்தான் சேரும். புதிதாகத் தொழிற்சாலையிலிருந்து வந்த காலத்தில் அந்த வண்டிகள் அதே 6 வோல்ட்டில்தான் ஒழுங்காக ஓடின.

இந்த ஒரு ஓம் ஏன் கண்ணில் படுவதில்லை? மல்டிமீட்டர் நல்ல கருவிதான். ஆனால் எந்தச் சுமையும் இல்லாமல் ஒயரின் முனையில் அதை வைத்தால் அது முழு 12 வோல்ட்டைக் காட்டும். மீட்டர் தன் வழியே இழுக்கும் மின்சாரம் மிகமிகச் சொற்பம் என்பதால், களிம்பு பிடித்த இணைப்பிலும் அழுத்தம் குறையாது. 'கரண்ட் வந்துட்டுதான் இருக்கு' என்று எழுந்து, அடுத்துக் காயிலைச் சந்தேகிக்கத் தொடங்குவார்கள். அதே முனையில் 21 வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டால் ஒன்றே முக்கால் ஆம்பியர் ஓட வேண்டும். இணைப்பு கெட்டிருந்தால் பல்பு மங்கும். பல்பு எரியும்போதே ஒயர் கட்டைக் கையால் அசைத்தால், இழை அறுந்த இடம் வந்ததும் மினுக்கும். மீட்டரையும் சரியாகப் பயன்படுத்த ஒரு வழி உண்டு. சாவியைப் போட்டு, பாய்ண்டை மூடிய நிலையில் நிறுத்தி, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையை மின்கலத்திலும் மறுமுனையை காயிலிலும் வைத்து, இடையில் எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்ப்பது. அரை வோல்ட்டுக்கு மேல் தொலைந்தால் வழியில் திருடன் இருக்கிறான். இணைப்பு இணைப்பாக நகர்ந்து வந்தால் அவன் பிடிபடுவான். மின்கலமும் காயிலும் கொண்ட வண்டியில் அம்மீட்டர் இருந்தால் இதற்குக் கருவிகூட வேண்டாம். சாவியைப் போட்டு உதைமிதியை மெல்ல அழுத்தினால் பாய்ண்ட் மூடும்போது முள் வெளியேற்றப் பக்கம் சாயும், திறக்கும்போது நடுவுக்கு வரும். சாயவே இல்லை என்றால் மின்சாரம் பாய்ண்ட் வரை போகவில்லை. சாய்ந்தபடியே நின்றுவிட்டால் எங்கோ தொடக்கூடாதது தொட்டுக்கொண்டிருக்கிறது.

இவ்வளவு தெளிவாகச் சோதிக்க வழி இருந்தும் பாகம் மாற்றும் பழக்கம் ஏன் வலுவாக நிற்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி. சோம்பலும் அறியாமையும் முழுக் காரணமாக இருக்க முடியாது. அந்தப் பழக்கம் அடிக்கடி பலிக்கிறது. காயிலை மாற்றுகிறார்கள், வண்டி ஓடுகிறது. கண்ணெதிரே நடந்ததை எப்படி மறுப்பது? ஆனால் காயிலை மாற்றுவது என்றால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பழைய காயிலின் முனைகளிலிருந்து ஒயரை உருவுகிறார்கள். உருவும்போது களிம்பு சுரண்டப்படுகிறது. புதிய முனையில் அழுத்திச் செருகுகிறார்கள். பளபளக்கும் உலோகத்தோடு உலோகம் சேர்கிறது. காயிலைக் கழற்றப் பெட்ரோல் தொட்டியைத் தூக்கியதில் அதன் அடியில் நசுங்கிக் கிடந்த ஒயர் கட்டு இளகி இடம் மாறியிருக்கும். பாதுகாப்புக்கென்று மின்கலத்தின் முனையைக் கழற்றி மாட்டியிருப்பார்கள். அதுவும் துடைத்ததுபோல் ஆகியிருக்கும். மாற்றியது ஒரு பாகம், புதுப்பித்தது நான்கு இணைப்பு. புகழ் பாகத்துக்குப் போகிறது. மூன்று மாதம் கழித்து களிம்பு திரும்பியதும் 'இப்ப வர்ற காயிலெல்லாம் தரமில்லை' என்று ஒரு தீர்ப்பு எழுதப்படுகிறது. குப்பையில் கிடக்கும் பழைய காயில் அப்போதும் நன்றாகவே இருக்கிறது. தவறான நம்பிக்கை ஒன்று தனக்குத் தேவையான சான்றைத் தானே உற்பத்தி செய்துகொள்ளும் விதம் இது. மோட்டார்சைக்கிளுக்கு வெளியிலும் இதைப் பார்க்கிறோம்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒயரிங் படத்தில் அது ஒரு சின்னக் குறியோடு முடிந்துவிடுகிறது. போகும் வழிக்கு வண்ண வண்ண ஒயர்கள் உண்டு. திரும்பும் வழிக்கு வண்டியின் உடம்புதான். பாய்ண்டிலிருந்து இஞ்சின் உடலுக்கு, அங்கிருந்து இஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள் வழியே ஃபிரேமுக்கு, ஃபிரேமிலிருந்து மின்கலத்தின் மறுமுனைக்கு. முகப்பு விளக்கின் மின்சாரம் பல வண்டிகளில் ஹேண்டில் கழுத்தின் பேரிங் குண்டுகளையும் அவற்றைச் சூழ்ந்த கிரீஸையும் தாண்டித்தான் திரும்ப வேண்டும். இப்போது ஒருவர் ஆசையாக அந்த வண்டியைப் புதுப்பிக்கிறார். ஃபிரேமை மணலடித்துச் சுத்தமாக்கி, கெட்டியான பவுடர் கோட்டிங் போடுகிறார். துளைகளின் விளிம்பு, போல்ட் உட்காரும் முகம் என்று எல்லா இடத்திலும் அந்தப் பூச்சு ஏறிவிடுகிறது. பூச்சு நல்ல மின்தடுப்பான். வண்டி கண்காட்சிக்கு வைக்கும்படி மின்னுகிறது. மின்சாரத்துக்குத் திரும்ப வழியில்லை. கிளட்ச் கேபிளின் உறை வழியாகவோ, எங்கோ பூச்சு கீறிய ஒரு மரையின் வழியாகவோ தட்டுத்தடுமாறித் திரும்புகிறது. 'எர்த் பிடிக்கலை' என்று பட்டறையில் சொல்வார்கள். சரியான சொல். வரும் கரண்டை யாரும் கேட்பார்கள், எர்த் எங்கே பிடிக்கிறது என்று கேட்பவர்தான் வேலை தெரிந்தவர். தீர்வு ஒரு சதுர சென்டிமீட்டர் பூச்சைச் சுரண்டி எடுப்பதும், இஞ்சினிலிருந்து மின்கலத்துக்கு ஒரு தடித்த ஒயரை நேரே இழுத்துவிடுவதும்தான். புதுப்பித்த வண்டிகளே அதிகம் படுத்துகின்றன என்ற புலம்பலுக்கு இதில் பாதி விடை இருக்கிறது.

சிங்கப்பூரின் வானிலை இந்த இணைப்புகளுக்கு இரக்கம் காட்டுவதில்லை. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். மழை 2,100 மில்லிமீட்டருக்கு மேல். எந்தத் திசையில் போனாலும் சற்று நேரத்தில் கடல். ஒயரின் முனையில் நுழையும் ஈரம் செம்பு இழைகளுக்கிடையே திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறி, உறைக்குள் விரல்கணக்கில் உள்ளே போய்விடும். உறையைக் கத்தியால் கீறித் திறந்தால் செம்பின் நிறமே தெரியாது. இழைகள் கன்னங்கரேலென்று, நகத்தால் தட்டினால் உதிரும். முனையில் பச்சைக் களிம்பு பொரிந்திருக்கும். அந்த முனையில் என்ன ஈயம் வைத்தாலும் ஒட்டாது; நல்ல செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். இயற்கைக்கு மேல் சட்டமும் தன் பங்குக்கு ஒன்று செய்கிறது. கிளாசிக் திட்டத்தில் பதிவான வண்டி ஆண்டுக்கு 45 நாள்தான் சாலைக்கு வரலாம். மீதி 320 நாள் அது நிற்கிறது. ஓடும் வண்டியில் பாய்ண்டும் சாவியும் உரசித் தம்மைத் தாமே துடைத்துக்கொள்ளும். நிற்கும் வண்டியில் அந்தச் சலுகை கிடையாது. கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று பாய்ண்டின் மேல் படிந்துவிடும். மாதக்கணக்கில் நின்ற வண்டி உதைத்து உதைத்தும் கிளம்பாதபோது, பாய்ண்டுக்கிடையில் சுத்தமான அட்டைத்துண்டு ஒன்றை விட்டு இழுத்தாலே பல நேரம் பொறி வந்துவிடும்.

இன்னொரு சட்டமும் உண்டு. 1995 நவம்பரிலிருந்து இங்கே மோட்டார்சைக்கிள்கள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டுத்தான் ஓட வேண்டும். உயிர் காக்கும் விதி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பிரிட்டிஷ் வண்டிகளில் பரவலாக இருந்த லூக்காஸ் டைனமோ ஒன்றின் முழுத் திறனே 60 வாட். அதுவும் வண்டி ஓரளவு வேகத்தில் போனால்தான். 30 வாட் விளக்கு 6 வோல்ட்டில் 5 ஆம்பியர் கேட்கும். கிராமச் சாலையில் இரவு எப்போதாவது விளக்குப் போடுவதற்கென்று வகுத்த கணக்கு அது. ஜாலான் புசாரின் சிக்னல்களில் நின்று நின்று போகும்போது டைனமோ ஒன்றும் தராது; எல்லாம் மின்கலத்திலிருந்து போகும். மாலைக்குள் மின்கலம் இறங்கிவிட்டது என்றால் டைனமோவைப் பழிக்கவும் வேண்டாம், மின்கலத்தை மாற்றவும் வேண்டாம். குறைந்த மின்சாரத்தில் எரியும் விளக்கு ஒன்று இந்தக் கணக்கை நேர்செய்துவிடும். வண்டி வாழும் ஊரைச் சேர்த்து யோசித்தால்தான் இந்த விடை கிடைக்கும்.

பிரிந்திருக்க வேண்டியவற்றைப் பிரித்து வைக்கும் பொருள்களைப் பற்றி யோசிக்கும்போது, இந்த வண்டிகள் எனக்கு லூக்காஸின் பர்மிங்ஹாமைவிட நம் மண்ணுக்கு நெருங்கியவையாகத் தெரிகின்றன. மின்சாரத்தைக் கட்டி வைக்கும் வித்தை உலகுக்குப் போனதில் சிங்கப்பூருக்குப் பங்கு உண்டு. 1843இல் மருத்துவர் வில்லியம் மாண்ட்கொமரி இந்த வட்டாரக் காட்டு மரத்தின் கட்டிப்பாலான கட்டாபெர்ச்சாவை லண்டனுக்கு அனுப்பி அறிமுகப்படுத்தினார். 1851இல் டோவரையும் கலேவையும் கடலடியில் இணைத்த தந்திக் கம்பிக்கு அதுவே உறை. 1871இல் சென்னையைப் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரோடு இணைத்த கம்பி வந்ததும் அந்த உறையின் தயவில்தான். அந்தப் பாலுக்காக மரங்களையே வெட்டிச் சாய்த்தார்கள். பிறகு ரப்பர் வந்தது. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மட்டும் கீறிப் பால் எடுக்கும் முறையை 1890களில் நிலைநிறுத்தினார். அந்த முறையில் மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால் வெட்டியவர்களில் மிகப் பலர் தமிழர்கள். 1930களின் பிரிட்டிஷ் வண்டியில் பருத்தி நூல் பின்னிய உறைக்குள் இருக்கும் ரப்பர் எந்தத் தோட்டத்துப் பால் என்று சொல்ல முடியாது. உலகச் சந்தையின் ரப்பரில் பெரும்பங்கு அப்போது இந்தப் பக்கத்திலிருந்தே போனது என்பது மட்டும் உறுதி. மேக்னெட்டோச் சுருளில் பூசிய அரக்கு இந்தியக் காட்டு மரங்களில் பூச்சிகள் சுரந்தது. பழைய கண்டென்சர்களில் அடுக்கிய மைக்கா பெரும்பாலும் இந்தியச் சுரங்கங்களிலிருந்து போனது. லிட்டில் இந்தியாவின் ஒரு ஐந்தடி நடைபாதையில் நிற்கும் பழைய வண்டியின் ஒயர் கட்டைப் பிரிப்பவர் யாருடைய உழைப்பைக் கையில் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்வது நல்லது. அதைச் சுருட்டிக் குப்பையில் போடுமுன் ஒரு கணம் கை நிற்கும்.

இனி மறுப்புகள். முதலாவது, பாகங்களும் கெடத்தான் செய்யும் என்பது. உண்மை. குளிர்ந்த இஞ்சின் ஒரே உதையில் கிளம்பி, இருபது நிமிடம் ஓடிச் சூடேறியதும் நின்று, அரைமணி ஆறிய பின் மறுபடி கிளம்பினால், அங்கே கண்டென்சரையோ சுருளையோ சந்தேகிக்க வேண்டும். பாய்ண்ட் திறக்கும்போது அதில் நீலத் தீ பளிச்சிட்டு, பொட்டு ஒருபக்கம் குழிந்து மறுபக்கம் மேடிட்டிருந்தால் சந்தேகம் உறுதிப்படும். இந்த ஊர் வெயிலில் நிறுத்திய வண்டியின் மேக்னெட்டோவில் பழைய அரக்கு இளகிக் கசிவதும் உண்டு. ஆனால் இவையும் என் வாதத்துக்கு வெளியே இல்லை. கண்டென்சர் கெடுவது என்றால் உள்ளே இரு தகடுகளைப் பிரித்து வைத்த தாளோ மைக்காவோ விட்டுக்கொடுத்தது என்று பொருள். அதைவிட முக்கியம், இந்த முடிவுக்கு நாம் வந்த வழி. சூடு, ஆறுதல், நீலத் தீ என்று மூன்று சாட்சிகளை விசாரித்த பிறகே பாகத்தின் மேல் கை வைக்கிறோம். அப்படி மாற்றும்போது, மெழுகுத்தாள் கண்டென்சரின் இடத்தில் இன்றைய செராமிக் கண்டென்சரை வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. அசலைக் காப்பதாகச் சொல்லி, ஈரத்தை உறிஞ்சும் பழைய வகையையே தேடுவது வண்டிக்கு நன்மை செய்யாது.

இரண்டாவது, லூக்காஸ் சரக்கே மட்டம் என்பது. அந்த நிறுவனத்தைக் கேலி செய்யும் நகைச்சுவைகள் ஆங்கிலத்தில் ஏராளம். என் பார்வையில் அவை பழியை இடம் மாற்றுகின்றன. குளிர்நாட்டில், சில ஆண்டு உழைப்புக்கென்று, விலையை இறுக்கிப் பிடித்துச் செய்த இணைப்புகள் அறுபது எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், எத்தனையோ கைகள் வெட்டி ஒட்டிய பின் தடுமாறுகின்றன. அந்தக் கைகளில் பல, நிறக்குறியையே படிக்காதவை. பாசிட்டிவ் எர்த் உள்ள லூக்காஸ் வண்டியில் சிவப்பு ஒயர் எர்த்துக்குப் போவது. இன்றைய பழக்கத்தில் சிவப்பு என்றால் உயிருள்ள ஒயர். படத்தைப் பாராமல் பழக்கத்தை நம்பி மின்கலத்தைத் திருப்பி மாட்டினால், மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் ரெக்டிஃபையர் ஒரே நொடியில் போய்விடும். அந்தச் சாவுக்கு லூக்காஸ் பொறுப்பில்லை.

மூன்றாவது மறுப்பு நடைமுறைக்காரர்களுடையது: பாய்ண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி எதற்கு? தினமும் ஓட்டுபவருக்கு அது நல்ல வழிதான். ஆனால் அது ஒயரிங்கைக் குணப்படுத்தும் என்று நம்புவது ஏமாற்றம் தரும். பாய்ண்டும் காயிலும் 9 வோல்ட்டிலும் எப்படியோ ஒரு பொறியைத் தட்டித் தரும். பல எலக்ட்ரானிக் பெட்டிகள் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அழுத்தம் இறங்கினால் பொறி விழும் நேரத்தையே குழப்பிவிடும், இல்லாவிட்டால் பேசாமல் நின்றுவிடும். அதாவது பழைய ஏற்பாட்டைவிட இது நல்ல இணைப்புகளை அதிகம் கேட்கிறது. கெட்ட எர்த்தின் மேல் வைத்த எலக்ட்ரானிக் பெட்டி சாலையோரத்தில் திறந்து பார்க்க முடியாத பெட்டி. பாய்ண்ட் கெட்டால் அட்டைத்துண்டால் துடைத்து வீடு வந்து சேரலாம்.

நான்காவது, நேரம். சிங்கப்பூரில் ஒரு மெக்கானிக்கின் ஒரு மணி நேரம் ஒரு காயிலைவிட விலை கூடியது. தேடுவதைவிட மாற்றுவதே மலிவு என்கிறார்கள். புது வண்டிக்கு இந்தக் கணக்கு சரி. அதற்கான பாகம் சோதித்த பாகம், உறுதிமொழியோடு வருவது. பழைய வண்டிக்கு இன்று வரும் மறுதயாரிப்புப் பாகங்களின் தரம் ஏற்ற இறக்கமானது. பெட்டியிலிருந்து எடுக்கும்போதே செத்த கண்டென்சர்கள் வருகின்றன. அதை மாட்டிவிட்டு 'கண்டென்சர் புதுசு, அதனால் அது இல்லை' என்று அடுத்ததற்குப் போகிறவர் ஒரு பழுதை இரண்டாக்கிக்கொள்கிறார். அசல் பழைய பாகம் தேடிப் போவதற்கு ஒரு காலத்தில் பக்கத்திலேயே சுங்கே ரோடு சந்தை இருந்தது. எண்பதாண்டுக்கு மேல் பழம்பொருள்கள் கைமாறிய அந்தச் சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது. அதன் இழப்பை நான் சின்னதாக நினைக்கவில்லை. ஆனால் நான் சொல்லும் வேலைக்கு வேண்டிய பல்பு, மீட்டர், ஈயம், ஒயர், முனைகள் எல்லாம் ரோச்சோர் கால்வாயை ஒட்டிய சிம் லிம் டவரின் மின்னணுக் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. பழைய பாகம் கிடைக்காமல் போகப் போக, இருக்கும் பாகம் நல்லதா கெட்டதா என்று நிரூபிக்கும் திறமைதான் மிஞ்சப்போகும் ஒரே உதிரிப்பாகம்.

ஐந்தாவதுதான் கனமானது. பழைய மோட்டார்சைக்கிள் காற்றைக் கெடுக்கிறது. தேசிய சுற்றுப்புற வாரியத்தின் 2018 அறிவிப்பின்படி, 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சாலையில் ஓட முடியாது. 2023 ஏப்ரல் 5க்குள் பதிவை ரத்து செய்தவர்களுக்கு 3,500 வெள்ளி வரை ஊக்கத்தொகை கிடைத்தது. கிளாசிக், வின்டேஜ் திட்டங்களில் உள்ளவை மட்டும் இதற்கு விலக்கு. பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் எரியாமல் புகைக்குழாய் வழியே போவது குறையும் என்று நான் வாதாடலாம், அது உண்மையும்கூட. ஆனாலும் அந்த வண்டி ஒருபோதும் இன்றைய வண்டியின் சுத்தத்துக்கு வராது. மக்கள் நெருங்கி வாழும் தீவில் அந்த விதி நியாயமானது என்றே நினைக்கிறேன். வேலைக்குப் போக அந்த வண்டியையே நம்பியிருப்பவர்களின் கஷ்டம் தனியே பேச வேண்டியது. என் வாதம் எல்லாப் பழைய வண்டியையும் ஓடவிடுங்கள் என்பதல்ல. சட்டம் விட்டுவைத்திருக்கும் கொஞ்ச வண்டிகளை, ஓடும் 45 நாளிலும் ஒழுங்காக ஓடும்படி வைத்திருக்கத் தெரிந்தவர்கள் இங்கே இருக்க வேண்டும் என்பது.

அப்படியானால் இது செத்த வித்தையைக் காப்பதுதானே என்று கேட்கலாம். 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும் என்பது சிங்கப்பூரின் இலக்கு. மின்சார மோட்டார்சைக்கிளில் கார்பரேட்டர் இல்லை, வால்வு இல்லை, செயின்கூட இல்லாமல் போகலாம். மிஞ்சுவது மின்கலம், மோட்டார், இடையில் இணைப்புகள். இதே ஈரம், இதே உப்புக்காற்று அங்கேயும் நுழையும். நூறு ஆம்பியர் ஓடும் இணைப்பில் சேரும் சிறு தடை பொறியைக் குறைப்பதோடு நிற்காது, தீ வைக்கும். வழியில் எங்கே எத்தனை வோல்ட் தொலைகிறது என்று பார்க்கத் தெரிந்த கைக்கு அங்கே வேலை கூடுமே தவிரக் குறையாது. 2014 முதல் ரிப்பேர் கோப்பிதியாம் இயக்கத்தில் தன்னார்வலர்கள் அக்கம்பக்கத்தாருடன் உட்கார்ந்து, மின்விசிறியையும் சோற்றுப் பானையையும் திறந்து பழுதைத் தேடக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த மேசையில் ஒரு பழைய 6 வோல்ட் ஒயரிங் பலகையையும் வைத்தால் சிறுவர்களுக்கு மின்சாரம் கண்ணுக்குத் தெரியும் பொருளாகிவிடும்.

இந்த வேலை தெரிந்த தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வண்டியின் ஒயரிங்கைப் பெரிய தாளில் தமிழில் வரைந்து வையுங்கள்: எந்த நிறம் எங்கே போகிறது, எந்த இணைப்பில் முன்பு பழுது வந்தது, எந்தத் தேதியில் எப்படிச் சரியானது என்று. எர்த் பிடிக்கும் ஒவ்வொரு போல்ட்டையும் அதில் வட்டமிடுங்கள், அச்சடித்த படத்தில் அவை இருக்காது. அடுத்த முறை வண்டி நின்றால், புதிய காயிலுக்குப் பணம் கட்டுமுன் மின்கலத்தின் எர்த் ஒயர் ஃபிரேமில் பிடிக்கும் போல்ட்டைக் கழற்றி, வெறும் இரும்பு தெரியும் வரை சுரண்டி, திரும்ப இறுக்கி, 21 வாட் பல்பு ஒன்றை எரியவிட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் போதும்.